மூலநிரலும் விஞ்ஞானக் கணிப்பும்

விஞ்ஞானம் என்பது முடிவுகளின் தொகுதி மட்டுமன்று. அம்முடிவுகள் பெறப்பட்ட வழியும் அதன்கண் அடங்கும். கணித வகுப்பிலே விடையை மாத்திரம் எழுதிச் செய்கையை எழுதாது விடும் மாணவனுக்கு ஆசிரியர் முழுப் புள்ளி வழங்குவதில்லை. விடை சரியாயிருத்தல் போதாதோ எனின், போதாது. செய்கை காட்டப்பட்டவிடத்துப் பிழை எப்படியில் நேர்ந்தது என்பதைப் பிறர் கண்டு திருத்தல் கூடும். செய்கை மறைக்கப்பட்டவிடத்து விடையை ஏற்றல் அல்லது தள்ளுதல் என்னும் இரு வழிகளே எஞ்சுகின்றன. ஆய்வாளர் தாம் கையாண்ட கருவிகளையும் முறைகளையும் விரித்தெழுதி வெளியிடும் மரபு விஞ்ஞான உலகில் நிலைபெற்றமைக்குக் காரணம் இதுவேயாகும்.

இன்றோ அச்செய்கையின் பெரும்பகுதி கணினியினுள்ளே நிகழ்கின்றது. வானிலையை முன்னறிதல், புரதத்தின் உருவமைப்பைத் துணிதல், பாலத்தின் உறுதியைக் கணித்தல் ஆகிய யாவும் இலட்சக்கணக்கான கட்டளைகளைக் கொண்ட மென்பொருள்களால் ஆற்றப்படுகின்றன. ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறுவது பெரும்பாலும் அம்மென்பொருளின் பெயர் ஒன்றே. அதனுள்ளே நடந்த செய்கையை யார் பார்க்கவியலும்? இவ்வினாவுக்கு விடை தருவது திறந்த மூல மென்பொருளாகும். அத்தகைய விஞ்ஞான மென்பொருளொன்றை அதன் மூலநிரலிலிருந்து மேசைக் கணினியில் ஆக்கிக்கொள்ளும் முறையையும், அதனால் விளையும் பயனையும், அப்பயனின் எல்லையையும் ஈண்டு ஆராய்தல் தகும்.

மூலநிரல் என்பது மனிதன் வாசித்தறியக்கூடிய மொழியில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி. கணினியோ அதனை நேரே அறியாது. துவித எண்களாலாகிய பொறிமொழி ஒன்றையே அது அறியும். மூலநிரலைப் பொறிமொழியாக்கும் செய்நிரலுக்குத் தொகுப்பி என்று பெயர். கிறேஸ் ஹொப்பர் அம்மையார் 1952ஆம் ஆண்டில் இயக்கிய ஏ-0 என்னும் முறைமை இத்துறையின் முதன் முயற்சிகளுள் ஒன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் என்பாரின் தலைமையில் இயங்கிய குழு 1957ஆம் ஆண்டில் போர்ட்ரான் மொழிக்குரிய தொகுப்பியை வெளியிட்டது. சமன்பாட்டை ஏறத்தாழ அதன் எழுத்துருவிலேயே எழுதிக் கணினியிடம் ஒப்படைக்கும் வாய்ப்பு விஞ்ஞானிகளுக்கு அப்பொழுதே கிட்டியது.

மூலநிரலிலிருந்து பொறிமொழியைப் பெறுதல் எளிது. பொறிமொழியிலிருந்து மூலநிரலை மீளப் பெறுதலோ மிக அரிது. மாறிகளின் பெயர்களும், எழுதியவர் இட்ட விளக்கக் குறிப்புகளும், பகுதிகளின் ஒழுங்கும் தொகுக்குங்கால் மறைந்துபோகின்றன. ஆகவே பொறிமொழி வடிவம் மட்டும் பெற்றவர் விடையைப் பெற்றவராவர், செய்கையைப் பெற்றவராகார்.

தொடக்க காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தியோர் 1955ஆம் ஆண்டிலே ஷெயார் என்னும் சங்கத்தை நிறுவித் தத்தம் செய்நிரல்களை ஒருவருக்கொருவர் வழங்கினர். கணினியை வாங்கியவர்க்கு மென்பொருளும் உடன் கிடைத்தது. 1969ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மென்பொருளைத் தனியாக விலைகூறி விற்கப்போவதாக அறிவித்தது. அதன்பின் மென்பொருள் தனி வணிகப் பண்டமாக வளர, மூலநிரலும் வணிக இரகசியமாயிற்று. இந்நிலையை மாற்றக் கருதிய றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் தொகுப்பி 1987ஆம் ஆண்டிலும், அதன் பொது உரிமம் 1989ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், மூலநிரலைக் கற்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் அவ்வுரிமம் இடந்தருகின்றது. லினஸ் தோர்வல்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கருவோடு குனூவின் கருவிகள் இணைந்தமையால், மூலநிரல் முழுவதும் வெளிப்படையாயுள்ள பணிசெயல் முறைமையொன்று சாதாரண மேசைக் கணினிக்கும் எட்டியது. திறந்த மூலம் என்னும் வழக்கு எழுந்தது 1998ஆம் ஆண்டிலாகும்.

மூலநிரலிலிருந்து ஆக்கும் முறையை விளக்குதற்கு ஒக்டேவ் என்னும் மென்பொருள் தக்க உதாரணமாகும். இதன் பிறப்பு வகுப்பறையோடு தொடர்புடையது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் றோலிங்ஸ், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் எக்கர்ட் ஆகியோர் இரசாயனத் தாக்குகலன்களின் அமைப்புப் பற்றி எழுதிய பாடநூலுக்குத் துணைக்கருவியாக இஃது 1988ஆம் ஆண்டளவிற் கருதப்பெற்றது. மாணவர் தம் போர்ட்ரான் செய்நிரல் ஏன் இயங்கவில்லை என்று ஆராய்வதிலேயே காலத்தைக் கழித்தனர்; இரசாயனப் பொறியியலைக் கற்பதற்குப் போதிய நேரம் எஞ்சவில்லை. இக்குறையைத் தீர்க்க ஜோன் ஈற்றன் என்பார் 1992ஆம் ஆண்டில் முழுநேர முயற்சியைத் தொடங்கினார். 1993ஆம் ஆண்டு தை மாதத்தில் முதற் சோதனைப் பதிப்பும், 1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில் முதலாம் பதிப்பும் வெளிவந்தன. ஒக்டேவ் என்னும் பெயர் இசையைக் குறித்ததன்று. விரைந்து அண்ணளவான விடை காண்பதில் வல்லவரென அறியப்பட்ட, ஈற்றனின் முன்னாள் பேராசிரியர் ஒக்டேவ் லெவென்ஸ்பீலின் பெயரே அது. மாணவன் ஆசிரியருக்குச் செய்த காணிக்கை எனக் கொள்ளல் தகும்.

ஒக்டேவ் தாயங்களைக் கையாளும், ஒருங்கமை சமன்பாடுகளையும் வகையீட்டுச் சமன்பாடுகளையும் எண்முறையில் தீர்க்கும், வரைபும் வரையும். இவ்வளவையும் அது தனித்துச் செய்வதில்லை. அதன் உடல் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. தாயக் கணிதத்துக்குப் பிளாஸ், லாபாக் என்னும் நூலகங்களை அது நாடுகின்றது. அவற்றுள் பிளாஸ் 1979ஆம் ஆண்டிலும், லாபாக் 1992ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. இரண்டும் போர்ட்ரான் மரபிற் பிறந்தவை. பூரியர் உருமாற்றத்துக்கு வேறொரு நூலகம், ஐதான தாயங்களுக்கு மற்றொன்று, குவிவு உருவங்களுக்கு இன்னொன்று என இப்பட்டியல் நீளும். ஒரு மென்பொருளை ஆக்குவோன் உண்மையில் ஒரு பெருங்குடும்பத்தையே தன் இல்லத்துக்கு அழைக்கின்றான்.

ஆக்கும் முறை ஐந்து படிகளையுடையது. முதலாவது, மூலநிரற் பொதியைப் பெறுதல். பொதியோடு எண்முறைக் கையொப்பம் ஒன்றும் வெளியிடப்படுகின்றது. பெற்ற பொதி வெளியிட்டவர் கையிலிருந்து வந்ததே, வழியில் எவரும் அதனை மாற்றவில்லை என்பதை அக்கையொப்பத்தால் வாய்ப்புப் பார்க்கலாம். இப்படியைத் தவிர்ப்போர் பலர், தவிர்த்தல் நன்றன்று.

இரண்டாவது, துணை நூலகங்களைத் தேடி நிறுவுதல். புதியவர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்தேயாம். ஒரு நூலகம் கணினியில் ஏற்கெனவே இருப்பினும், அஃது இயங்குவதற்குரிய பகுதி மட்டுமே இருத்தல் கூடும். அந்நூலகத்தைப் பயன்படுத்திப் புதியதொன்றை ஆக்குவதற்கு, அதன் செயலிகளின் பெயரும் வடிவும் கூறும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் அவை தனிப் பொதியாகவே கிடைக்கின்றன. நூலகம் இருந்தும் இல்லையென்று கணினி கூறுமாயின், தலைப்புக் கோப்பு இல்லாமையே பெரும்பாலும் காரணமாகும்.

மூன்றாவது படி உருவமைத்தல். மூலநிரலோடு வரும் கொன்பிகர் என்னும் செய்நிரல் கணினியை நூற்றுக்கணக்கான வினாக்களால் பரிசோதிக்கின்றது. தொகுப்பி எது, எந்த நூலகம் எங்குள்ளது, முழுவெண்ணின் நீளம் எவ்வளவு என்பனவற்றை அது கேட்டறியும். ஒவ்வொன்றையும் ஊகிக்காது, சிறு செய்நிரலொன்றை எழுதித் தொகுத்துப் பார்த்தே அது முடிவு செய்கின்றது. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. இன்றியமையாத நூலகம் இல்லையெனின் கொன்பிகர் நின்றுவிடும். விருப்புக்குரிய நூலகம் இல்லையெனின் எச்சரித்துவிட்டு மேற்செல்லும். அதனால் மென்பொருள் ஆக்கப்படும். ஆயினும் சில செயல்கள் அதில் இல்லாதிருக்கும். ஆதலின் இறுதியில் அச்சாகும் சுருக்கத்தைப் பொறுமையாக வாசித்தல் அவசியம். தவறு நேர்ந்தவிடத்து, நடந்தவை யாவும் பதியப்பட்டுள்ள குறிப்புக் கோப்பைத் திறந்து முதற் பிழையைத் தேடல் வேண்டும். பின்வரும் பிழைகள் பெரும்பாலும் முதற் பிழையின் மக்களாம்.

நான்காவது படி தொகுத்தல். இதனை நடத்துவது மேக் என்னும் கருவி. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் பெல்ட்மன் 1976ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை அறிந்து, மாறியவற்றை மட்டும் மீளத் தொகுப்பது இதன் சிறப்பு. பல கருக்களையுடைய செயலியில் பல கோப்புகளை ஒருங்கே தொகுக்கலாம். ஆயினும் அதற்கேற்ப நினைவகமும் வேண்டும். நினைவகம் போதாதவிடத்துத் தொகுப்பி இடையில் நின்றுவிடும். அதனை மூலநிரலின் பிழையென மயங்குதல் கூடாது. இணைவேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து மீளத் தொடங்கின் பணி நிறைவுறும்.

ஐந்தாவது படி சோதித்தலும் நிறுவுதலும். ஒக்டேவின் மூலநிரலிலே பல்லாயிரம் சிறு சோதனைகள் அந்தந்தச் செயலியின் அருகிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றை ஓட்டினால் சித்தியடைந்தவை, தவறியவை, தவிர்க்கப்பட்டவை என்னும் கணக்குக் கிடைக்கும். தவிர்க்கப்பட்ட சோதனை சித்தியடைந்த சோதனையன்று; துணை நூலகம் இல்லாமையால் நடத்தப்படாத சோதனையென்பதே அதன் பொருள். சோதனை முடிந்தபின் மென்பொருளைப் பயனாளரின் சொந்தக் கோப்புறையிலேயே நிறுவலாம். கணினிக்கு முழு அதிகாரம் பெறாத மாணவனும் இவ்வாறு செய்தல் கூடும். முன்னரே உள்ள பதிப்பும் கெடாதிருக்கும்.

ஆயத்தமாய்க் கிடைக்கும் பொதியை விடுத்து இத்தனை தொல்லை ஏற்பது எதற்கு என்னும் வினா எழலாம். வேகம் ஒரு காரணம். ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலுமுடைய இரு தாயங்களைப் பெருக்குவதற்கு நூறு கோடிப் பெருக்கல்கள் வேண்டும். பிளாஸ் நூலகத்தின் மாதிரி வடிவம் அதனை எளிய முறையிற் செய்யும். ஓப்பன்பிளாஸ் போன்ற வடிவங்கள் செயலியின் இயல்பறிந்து, தாயத்தைச் சிறு கட்டங்களாக வகுத்து, அண்மை நினைவகத்தில் வைத்துப் பெருக்குதலால் அதே பணியைப் பன்மடங்கு விரைவில் முடிக்கும். புதுப் பதிப்பை உடனே பெறுதல், வேண்டிய திருத்தத்தைத் தாமே செய்தல் என்பன வேறு காரணங்கள். ஆயினும் இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. ஒரே மூலநிரல் வெவ்வேறு கணினியில் வெவ்வேறு விடை தரக்கூடும் என்பதே அது.

இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் எளிது. 1985ஆம் ஆண்டின் நியமத்தின்படி அமைந்த இரட்டைத் திட்ப எண் 53 துவித இலக்கங்களை மட்டுமே கொண்டது. தசமத்தில் அஃது ஏறத்தாழ 16 இலக்கமாகும். பத்தின் 16ஆம் வலுவோடு 1ஐக் கூட்டிப் பின்னர் பத்தின் 16ஆம் வலுவைக் கழித்தால் கணினி தரும் விடை 0. முதலிற் கழித்துப் பின்னர் 1ஐக் கூட்டினால் விடை 1. எழுதுதாளில் இரண்டும் ஒன்றே. கணினியில் வரிசை விடையை மாற்றுகின்றது. தொகுப்பிக்கு மிகு விரைவு வேண்டுமெனக் கட்டளையிடின், கூட்டல் வரிசையை மாற்றும் உரிமையும் சில விருப்பத் தெரிவுகளால் அதற்கு அளிக்கப்படுகின்றது. கட்டங்களாக வகுத்துப் பெருக்கும் நூலகமும் வரிசையை மாற்றியே விரைவை ஈட்டுகின்றது. பெரும்பாலான கணக்குகளில் வேறுபாடு கடைசி இலக்கத்தோடு நின்றுவிடும். நன்னிலையற்ற சமன்பாடுகளிலோ அவ்வேறுபாடு வளர்ந்து விடையையே விழுங்கும். மென்பொருளைத் தாமே ஆக்கியவர், எத்தொகுப்பி, எத்தெரிவுகள், எந்நூலகம் என்பவற்றை அறிவார். ஆயத்தப் பொதியைப் பெற்றவர் அவை இருக்கின்றன என்பதையே எண்ணுவதில்லை.

செய்கை மறைந்திருத்தலின் விலையை விஞ்ஞான உலகம் அறிந்தேயிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஸ்கிறிப்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த குழுவொன்று, கலமென்சவ்விலுள்ள புரதங்களின் உருவமைப்புப் பற்றி 2001ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கட்டுரைகள் பெரும் புகழ் பெற்றன. 2006ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து ஆய்வாளர் இருவர் அத்தகைய புரதமொன்றுக்குக் கண்ட அமைப்பு அவற்றோடு முரண்பட்டது. அதன்பின் ஆராய்ந்தபோது, அவ்வாய்வுகூடத்தின் உள்வழக்கிலிருந்த செய்நிரலொன்று தரவின் இரு பத்திகளை இடம்மாற்றியதால் குறி தலைகீழாயிற்று என்பது தெரியவந்தது. ஐந்து கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. பல ஆண்டுகளாக ஏனையோர் விடையைக் கண்டனர், செய்கையைக் கண்டாரல்லர்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது மற்றொரு நிகழ்ச்சி. இரசாயனச் சேர்வைகளின் கருக் காந்தப் பரிவு அளவுகளைக் கணிக்கும் பைதன் மொழிச் செய்நிரல்கள் சில 2014ஆம் ஆண்டில் மூலநிரலோடு வெளியிடப்பட்டன. ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019ஆம் ஆண்டில் அவற்றை ஓட்டியபோது, பணிசெயல் முறைமை மாற விடையும் மாறக் கண்டனர். மூலநிரலை வாசித்ததும் காரணம் வெளிப்பட்டது. கோப்புகள் பெயர்வரிசையில் வரும் எனச் செய்நிரல் நம்பியிருந்தது. முறைமைகள் சிலவோ அவற்றை வேறு வரிசையிற் கொடுத்தன. வரிசைப்படுத்தும் கட்டளையைச் சேர்த்ததும் பிழை நீங்கியது. இங்கும் பிழை நேர்ந்ததே. மூலம் திறந்திருந்தமையால் அதன் காரணத்தை அந்நியரும் கண்டு திருத்த முடிந்தது. திறந்த மூலம் பிழையைத் தடுப்பதன்று, பிழையைக் காணத்தருவது.

ஆயினும் மூலத்திலிருந்து ஆக்கிவிட்டதனால் ஐயம் முழுதும் நீங்கிற்று எனக் கொள்ளலாகாது. கென் தொம்சன் என்பார் 1984ஆம் ஆண்டில் வெளியான தமது டியூரிங் பரிசுச் சொற்பொழிவிலே இவ்வெல்லையைச் சுட்டினார். தொகுப்பியே வஞ்சகமாக அமைக்கப்பட்டிருப்பின், மாசற்ற மூலநிரலிலிருந்தும் மாசுடைய பொறிமொழியை அது தரும். தொகுப்பியின் மூலநிரலைத் திருத்தி மீளத் தொகுப்பினும் அவ்வஞ்சகம் தொடரும். இதற்கு மறுமொழியாக எழுந்த முயற்சிகளுள் ஒன்று, டெபியன் திட்டத்தினர் 2013ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட பணியாகும். ஒரே மூலநிரலை வெவ்வேறிடங்களில் தொகுப்போர், ஒரு துவித இலக்கமேனும் வேறுபடாத ஒரே பொறிமொழியைப் பெறுமாறு செய்தலே அதன் குறிக்கோள். தொகுத்த நேரம், கோப்புறையின் பெயர் போன்ற தற்செயல் வேறுபாடுகளை நீக்குதற்கே பெருமுயற்சி வேண்டியிருந்தது. பலர் தனித்தனியே ஆக்கி ஒன்றே பெற்றனரெனின், இடையில் எவரும் அதனை மாற்றவில்லை என்னும் நம்பிக்கை வலுப்பெறும்.

தமிழ்க் கல்வியாளர்க்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கிப் பாடபேதங் குறித்துப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோரின் உழைப்பால், எப்பாடம் எப்பிரதியினது என்று கேட்கும் ஒழுக்கம் நிலைபெற்றது. கணினியிற் கணிப்போனுக்கும் அவ்வொழுக்கமே வேண்டும். மென்பொருளின் பதிப்பெண், தொகுப்பியின் பெயரும் பதிப்பும், தொகுத்தபோது கொடுத்த தெரிவுகள், துணை நூலகங்கள், சோதனையில் தவறியவை, தவிர்க்கப்பட்டவை ஆகியவற்றை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். சில வரிகளிலடங்கும் இக்குறிப்பே, பிறனொருவன் அதே கணிப்பை மீளச் செய்து ஒப்புநோக்க வழி தருவது.

கல்லூரி ஆய்வுகூடங்களிலே மாணவர் வெப்பமானியையும் தராசையும் முதலிற் செம்மை பார்த்த பின்னரே பரிசோதனை தொடங்கப் பழக்கப்படுகின்றனர். கணினியும் அவ்வாய்வுகூடத்தின் கருவியே. உயர்வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறையேனும் ஒக்டேவ் போன்ற மென்பொருளை மூலநிரலிலிருந்து ஆக்கிச் சோதித்துப் பார்ப்பானாயின், விடையெனத் திரையில் தோன்றுவது எத்தனை பேரின் செய்கையால் ஆனது என்பதை உணர்வான். பின்னர் ஆயத்தப் பொதியையே பயன்படுத்தினாலும் அவனுக்கு அது மூடிய பெட்டியாக இராது. செய்கையைக் காட்டுக என்று கேட்கும் உரிமையை உரிமம் வழங்கியிருக்கின்றது. அதனைக் கேட்கும் பழக்கத்தை வழங்கவேண்டியது கல்வியேயாம்.